கார்புரேட்டர் அடைப்பு: தாம்பரம் வட்டாரக் கோட்பாடு ஒன்றின் மறுபரிசீலனை

மேற்கே முடிச்சூர் முதல் கிழக்கே மேடவாக்கம் வரை வழக்கில் உள்ள நோயறி கோட்பாடு ஒன்றே ஒன்றுதான்: “கார்ப்ல அடைப்பு சார்.” தண்ணீர் கேன் ஏற்றிய பழைய மாருதி ஆம்னி மேம்பாலத்தில் ஏற மறுத்தாலும் சரி, காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் சரி, தீர்ப்பு மாறுவதில்லை. அடைப்பே இல்லை என்பது இக்கட்டுரையின் வாதமன்று. அடைத்தது எது, அது எங்கிருந்து வந்தது என்ற விசாரணை இதுவரை நடக்கவில்லை என்பதே வாதம். ஆய்வின் எல்லை 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த வேன். வெளியூருக்கு ஆள் ஏற்றும் ஆம்னி பஸ்கள் இதில் சேரா. குற்றம் சாட்டப்பட்ட கார்புரேட்டர் இந்த மண்ணின் மைந்தன் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்: ஜப்பானின் மிக்குனி தொழில்நுட்பத்தில் மாருதிக்குக் கார்புரேட்டர் செய்து கொடுத்த யூகால் நிறுவனம் இதே ஜிஎஸ்டி ரோட்டில், மறைமலைநகரில்தான் இருக்கிறது.

முன்சீட்டைத் தூக்கி, ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஜெட்டை வாயால் ஊதி மாட்டினால் வண்டி ஓடுகிறது. ஓடியதே காரணம் சரி என்பதற்கு அத்தாட்சி என்பது ஊதுவோர் தரப்பு. அதே வண்டி அடுத்த வாரம் அதே கடைக்குத் திரும்பி வருவதை அவர்கள் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. ஃப்ளோட் சேம்பரின் அடியில் விரலை விட்டுப் பார்த்தால் செம்பழுப்பு நிறத்தில் நைஸான தூள் ஒட்டும். அது இரும்புத் துரு. ஜெட் பித்தளை, கார்புரேட்டர் உடம்பு வார்ப்பு உலோகக் கலவை. இரண்டும் செந்துரு விடுபவை அல்ல. பெட்ரோல் வரும் வழியில் இரும்பு பெரும்பரப்பாக இருப்பது ஒரே இடத்தில்: டேங்க். ஆக, கார்புரேட்டர் இந்த வழக்கில் களவு கொடுத்தவர். போலீஸோ அவரையே பிடித்துக் கொண்டுபோய் அடிக்கிறது.

டேங்க் துருப்பிடிப்பதற்கு ஓனரின் பொருளாதாரக் கொள்கையே காரணம். இருநூறு ரூபாய்க்கு மேல் பெட்ரோல் போடாதவரின் டேங்கில் மிச்ச இடம் முழுவதும் காற்று, அதுவும் சென்னைக் காற்று. அதன் ஈரம் இரவில் தகட்டில் வியர்த்து உள்ளேயே இறங்குகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் தெருக்களில் முழுகிக் கிடந்த வண்டிகளுக்கு இப்படி இரவிரவாக ஈரம் சேரக் காத்திருக்கவும் தேவைப்பட்டிருக்காது. வண்டிக்கு வயதாகிவிட்டது, த்ராட்டில் தண்டு தேய்ந்து காற்று இழுக்கிறது என்று ஆட்சேபிக்கலாம். தேய்மானம் தினமும் ஒரே மாதிரி படுத்தும். திங்கள் கிழமை படுத்துவிட்டுச் செவ்வாய் கிழமை ஒழுங்காக ஓடுவது நகரும் பொருளின் வேலை, அதாவது தூசி அல்லது தண்ணீர். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வில்லன் என்பாரும் உண்டு. கலவை மெலியும், பழைய ரப்பர் உப்பும் என்பது மெய்தான். ஆனால் எத்தனால் டேங்கில் படிந்த பழைய அழுக்கைக் கரைத்துக் கிளப்பும், ஈரத்தையும் ஈர்க்கும். எனவே அந்த ஆட்சேபம் சுற்றி வந்து டேங்க் வாசலிலேயே நிற்கிறது. ஐயமுள்ளோர் வண்டியின் ஃப்யூல் பம்புக்கு வரும் டியூபைக் கழற்றி, கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைக்கலாம். அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் அது தண்ணீர், அல்லது எத்தனாலோடு சேர்ந்த தண்ணீர்.

இவ்வளவு சான்று இருந்தும் அடைப்புக் கோட்பாடு ஏன் சாகவில்லை? கார்ப் கழற்ற அரை மணி நேரம். டேங்க் இறக்கிக் கழுவ ஒரு நாள் போய்விடும், அன்று கேன் சப்ளையும் கிடையாது. டேங்கை இறக்க வேண்டும் என்று உண்மை பேசும் மெக்கானிக்கைக் காசு பிடுங்குகிறான் என்று சந்தேகித்து, ஓனர் அடுத்த கடைக்குப் போகிறார். அங்கே வண்டி நிற்பதற்கு முன்பே பையன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்துவிடுகிறான்.