இடுப்புக்கு ஜாமீன்

கோயம்புத்தூர்க்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். டூவீலர், இல்லாவிட்டால் கிரைண்டர். எனக்குக் கிரைண்டர். 1955 வாக்கில் சபாபதி என்ற கோவைக்காரர் உருவாக்கி, பிற்பாடு புவிசார் குறியீடும் வாங்கிய நம்மூர்ப் பெருமை அது. பொங்கலுக்கு வீடு கழுவும்போது அதை ஓர் அடி தள்ளி வைக்கச் சொன்னார் வீட்டம்மா. பெருமை நகர்ந்துவிட்டது. நான்தான் குனிந்தது குனிந்தபடி நின்றேன்.

அரை மணி நேரத்துக்குள் ஒரம்பரை அத்தனைக்கும் சேதி போய்விட்டது. ஆளாளுக்கு ஒரு வைத்தியம். இரட்டைப் பிள்ளை பெற்றவர்கள் காலால் நீவிவிட்டால் பிடிப்பு உடனே விடும் என்றார் சித்தி. எங்கள் வீதியில் இரட்டைப் பிள்ளை பெற்றவர் வருமான வரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அவரிடம் போய் "கொஞ்சம் உதையுங்கள்" என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. பெரியப்பா மகன் நேராகக் கங்கா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். இந்த ஊரில் எலும்பு என்று வாயெடுத்தாலே மேட்டுப்பாளையம் ரோட்டுக்குத்தான் வழி காட்டுவார்கள். வெளிநாட்டு டாக்டர்களே அங்கே வந்து பயிற்சி எடுத்துவிட்டுப் போகிறார்கள் என்பதால் அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் என் முதுகு அவ்வளவு பெரிய இடத்துக்குத் தகுதியானதாக எனக்குத் தெரியவில்லை. பக்கத்து டாக்டரிடமே போனேன்.

அவர் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பார்த்து, கட்டைவிரலில் ஊசியால் குத்தி "தெரியுதுங்களா?" என்றார். நன்றாகவே தெரிந்தது. காலில் மரமரப்பு, பலவீனம், சிறுநீர் போவதில் சிக்கல் ஏதாவது உண்டா என்று கேட்டார். அப்படி இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக்கூடாதாம். எனக்கு வெறும் தசைப் பிடிப்பு. மாத்திரை, நடை, நாலைந்து பயிற்சி. சீட்டின் கடைசி வரியில் "எல்.எஸ். கார்செட்", அதாவது இடுப்பு பெல்ட், என்று எழுதி, "வேலை செய்யறப்ப மட்டும் கட்டுங்க, ரெண்டு வாரத்துக்கு மேல வேண்டாம்" என்றார்.

வீட்டில் அந்தச் சீட்டை முதலில் படித்தவள் அக்கா மகள். ஃபேஷன் டிசைன் படிக்கிறாள்.

"மாமா, கார்செட்டா! நானும் அதுக்குத்தான் காந்திபுரம் போறேன். வாங்க, ஒண்ணாவே போலாம்."

தோழியின் கல்யாண ரிசப்ஷனுக்கு லெஹங்காவோடு போட்டுக்கொள்ள அவளுக்குக் கார்செட் ப்ளவுஸ் வேண்டுமாம். இப்போது அதுதான் ஓடுகிறதாம். இப்படியாக ஒரே ஆட்டோவில் இரண்டு இடுப்புகள் கிராஸ்கட் ரோட்டுக்குக் கிளம்பின, ஒன்று அழகுக்கு, ஒன்று அவஸ்தைக்கு.

காந்திபுரத்தில் கிடைக்காதது எதுவும் இல்லை, நடக்க இடத்தைத் தவிர. டவுன் பஸ் ஸ்டாண்டில் இறங்கும் கூட்டமும், வெளியூர் பஸ் பிடிக்க ஓடும் கூட்டமும், துணி எடுக்க வந்த கல்யாண வீட்டுக் கூட்டமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகும் இடத்தில், இடுப்பைப் பிடித்தபடி பக்கவாட்டில் நகரும் ஒருவனுக்கு யாரும் வழிவிடுவதில்லை. ஒருவழியாக சர்ஜிகல் கடைக்குள் நுழைந்தோம். கண்ணாடி அலமாரியில் ஒரு தெர்மாகோல் தலை கழுத்துப் பட்டையோடு எங்களை வரவேற்றது. கடைக்காரத் தம்பி சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"அளவு என்னங்ணா?"

"முப்பத்தாறு" என்றேன். யோசிக்கவே இல்லை. பல வருடமாக எல்லாத் துணிக்கடையிலும் சொல்லி வரும் எண்.

தம்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் மேஜைக்கு அடியிலிருந்து டேப்பை எடுத்தார்.

ஆண்கள் இதை இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது என் கருத்து. பேண்ட் வயிற்றுக்கு அடியில் நிற்கிறது. தொப்பை எவ்வளவு முன்னேறினாலும் பேண்ட் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிச் சமாதானமாகப் போய்விடும், எண் மாறாது. பெல்ட்டுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. அதற்குத் தொப்புளைச் சுற்றி அளவெடுக்க வேண்டும். எடுத்தார். நாற்பத்தொன்று.

"மாமா, மூச்சை விடுங்க" என்றாள் மருமகள்.

விட்டேன். நாற்பத்திரண்டரை.

கடையில் முழங்கால் உறை வாங்க வந்திருந்த ஓர் அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மருமகள்தான் ஆறுதல் சொன்னாள். இங்கிலாந்து ராஜா நான்காம் ஜார்ஜ் கார்செட் கட்டியவராம். 1824-ல் அவருக்குத் தைத்த கார்செட்டின் இடுப்பளவு 50 அங்குலமாம். "அவருக்கு முன்னால நீங்க ஸ்லிம் மாமா." ஒரு சாம்ராஜ்யத்தையே ஆண்டவரைவிட ஏழரை அங்குலம் குறைவு என்பதில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அளவு என்று ஒன்று உறுதியான பிறகு தம்பி பெல்ட்டைக் கண்ணாடி மேஜைமேல் விரித்தார். முதுகுப் பக்கம் ஒரு சாண் அகலம் தாராளமாக இருந்தது. அதில் மேலிருந்து கீழாக நாலு நீளப் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தகடு. பக்கவாட்டில் எலாஸ்டிக், முன்னால் வெல்க்ரோ, அதற்கு மேல் இழுத்து இறுக்க இன்னொரு ஜோடிப் பட்டை. நான் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் தகட்டை உருவி எடுத்துவிட்டாள். நுனி உருட்டாக இருக்கிறதா, மூடி போட்டிருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவினாள். பையின் அடித் தையல் இரட்டையா என்று திருப்பிப் பார்த்தாள். மட்டமான பெல்ட் முதலில் கிழிவது அந்த மூலையில்தானாம். அங்கே கிழிந்தால் தகடு வெளியே வந்து முதுகில் குத்தும். எலாஸ்டிக்கை இழுத்து விட்டுப் பழைய நீளத்துக்கு வருகிறதா என்று பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்து, காற்றோட்டத்துக்கான துளைகள் நிஜமாகவே துளைகள்தானா, வெறும் டிசைனா என்றும் பார்த்தாள். தம்பிக்கு அவள்மேல் மரியாதை வந்துவிட்டது. தகட்டை வாங்கி என் முதுகின் வளைவுக்கு ஏற்றபடி கையாலேயே லேசாக வளைத்து மறுபடி சொருகினார். இதை எல்லாக் கடையிலும் செய்துதர மாட்டார்கள், கேட்டால்தான் உண்டு.

கட்டிப் பார்த்தேன். கீழ் விளிம்பு பின்னால் வால் எலும்பு வரை இறங்க வேண்டும். முன்னால் விலா எலும்பையும் இடிக்கக்கூடாது, உட்கார்ந்தால் தொடையையும் இடிக்கக்கூடாது. உள்ளே கைவிரல்கள் நுழைய வேண்டும். "எச்சா இறுக்கினா மூச்சு முட்டும்ங்ணா, இறுக்கினா சீக்கிரம் வலி போயிரும்னு இல்லீங்க" என்றார் தம்பி. அடியில் மெல்லிய பனியன் போட வேண்டுமாம், வெறும் உடம்பில் கட்டினால் வியர்க்குருதான். பக்கத்திலேயே திருப்பூரை வைத்துக்கொண்டு பனியனுக்கா பஞ்சம்?

அத்தோடு விட்டிருக்கலாம். தம்பி இன்னொரு கறுப்பு பெல்ட்டை எடுத்துப் போட்டார். "இது ஸ்லிம் பெல்ட்டுங்ணா, கட்டினா தொப்பை கரையும்." என் கை தானாக நீண்டது. மருமகள் என் கையைப் பிடித்து மேஜையிலிருந்து எடுத்தாள். கரைவது வேர்வைதான், ஓர் இளநீர் குடித்தால் அத்தனையும் திரும்பி வந்துவிடும் என்றாள். நியாயம்தான். ஆனாலும் ஆசை காட்டிய தம்பியை எனக்குப் பிடித்தே இருந்தது.

அடுத்து அவளுடைய கார்செட். பக்கத்து வீதி ஒன்றில் மாடிப்படி ஏறி ஒரு பொட்டீக். எனக்கு மாடிப்படி, அதற்குப் பெல்ட். புது பெல்ட்டின் முதல் பயன் அதுதான். தையல்கார அக்கா ஒரு மாதிரி ப்ளவுஸை எடுத்து வந்தார், கற்கள் வைத்து, கண்ணைப் பறிக்கிற வேலைப்பாடு. மருமகள் கற்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே இருந்த எலும்பை அழுத்திப் பார்த்தாள். கார்செட்டுக்குள் நீளவாக்கில் வைக்கும் பட்டைக்கு எலும்பு என்றுதான் பெயர். அந்தக் காலத்தில் திமிங்கலத்தின் வாயில் சீப்புப்போல இருக்கும் பட்டையைச் சீவி வைத்தார்களாம், பிறகு எஃகு வந்தது. இதில் இருந்தது பிளாஸ்டிக்.

"அக்கா, இது உடம்புச் சூட்டுல வளைஞ்சுக்கும். ஒருதரம் மடங்கினா மடங்கினதுதான், அந்த மடிப்பு இடுப்புல குத்தும்."

முதுகில் கயிறு கோக்கும் துளைகளை ஒட்டிப் பட்டை எஃகும், பக்கவாட்டில் சுருள் எஃகும் வேண்டும் என்றாள். பட்டை முன்னும் பின்னும் மட்டும் வளையும், சுருள் எந்தப் பக்கமும் வளையும். உட்துணி நீண்டு கொடுக்காத கெட்டிப் பருத்தியாக இருக்க வேண்டும். இடுப்பைச் சொந்த அளவிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு மேல் குறைக்க வேண்டாம், முதல்முறை போடுகிறவளுக்கு அதுவே அதிகம். வாங்கி வந்த அன்றே கயிற்றை ஒரேயடியாக இழுத்துக் கட்டக்கூடாதாம். வீட்டில் தினம் கொஞ்ச நேரம் தளர்வாகப் போட்டுப் பழகி, துணியும் உடம்பும் ஒன்றுக்கொன்று அறிமுகமான பிறகுதான் இறுக்க வேண்டும்.

ரிசப்ஷனைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "இதைப் போட்டுட்டுச் சாப்பிட முடியுமா?"

"ரிசப்ஷனுக்குச் சாப்பிடவாங்க போறாங்க, போட்டோவுக்குத்தானுங்க" என்றார் தையல்கார அக்கா. கொங்கு நாட்டில் கல்யாணப் பந்தியைப் பற்றி இப்படியொரு வார்த்தையைக் கேட்பேன் என்று நான் நினைக்கவில்லை. நல்லவேளை, மருமகள் ஒரு ஸ்டூலைப் போடச் சொல்லி, மாதிரியை மாட்டிக்கொண்டு, உட்கார்ந்து, சோறு பிசைவதுபோலக் குனிந்து பார்த்தாள். முன் எலும்பு தொடையில் குத்தியது. முக்கால் அங்குலம் குறைக்கச் சொன்னாள். பாயசம் பிழைத்தது.

திரும்பும்போது ஆட்டோவில் ஃப்ரீடா காலோ கதை சொன்னாள். மெக்ஸிகோ ஓவியர். 1925-ல் பஸ் விபத்தில் முதுகெலும்பு நொறுங்கி, பிளாஸ்டர், தோல், எஃகு என்று விதவிதமான கார்செட்டுகளிலேயே வாழ்நாளைக் கழித்தவர். பிளாஸ்டர் கார்செட்டின் மேலேயே படம் வரைந்திருக்கிறார், அரிவாள் சுத்தியல் உட்பட. மில் சங்கு ஊதிக்கொண்டிருந்த காலத்துக் கோயம்புத்தூராக இருந்தால் அதைக் கட்டிக்கொண்டு நேராக மேடையேறியிருக்கலாம். "உங்க பெல்ட்லயும் ஏதாச்சும் வரைஞ்சு தரட்டுமா மாமா?" என்றாள். அந்த நேரம் பார்த்து ஆட்டோ மத்திய சிறைப் பக்கம் போனது. வ.உ.சி. செக்கிழுத்த சிறை. ஒரு கிரைண்டரை ஓர் அடி தள்ளியதற்குக் கார்செட் கட்டிக்கொண்டு ஆட்டோவில் போகிறவன் அந்த மதிலைப் பார்க்காமல் இருப்பதுதான் நாகரிகம். வேறு பக்கம் பார்த்தேன்.

பெல்ட்டோடு வாழ்வதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத சங்கடம் ஒன்று உண்டு, வெல்க்ரோவின் சத்தம். உட்கார்ந்தால் தளர்த்த வேண்டும், எழுந்தால் இறுக்க வேண்டும். ஒரு துக்க வீட்டில், எல்லோரும் தலைகுனிந்து மௌனமாக உட்கார்ந்திருந்த நேரத்தில், மெதுவாகத்தான் பிரித்தேன். மெதுவாகப் பிரித்தால் சத்தம் இன்னும் நீளமாக வரும். "கர்ர்ர்ர்" என்று அது முடிவதற்குள் அழுதுகொண்டிருந்தவர்களே நிமிர்ந்து பார்த்துவிட்டார்கள். வாங்கும்போதே சத்தத்தையும் கேட்டுக்கொள்வது நல்லது.

இதற்குள் பெல்ட்டின் மேல் எனக்கு ஒரு பக்தியே வந்துவிட்டது. தூங்கும்போதும் கட்டலாமா என்று டாக்டரைக் கேட்டேன். கூடாது என்றார். அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனம் 1994-லேயே, நல்ல முதுகு உள்ளவர்களை இந்த பெல்ட் காப்பாற்றும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று சொல்லிவிட்டதாம். பிறகு வால்மார்ட் கடைகள் 160-ல் சுமை தூக்கும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகு அடிபடுவதில் வித்தியாசம் இல்லை.

"அப்புறம் எதுக்குங்க எனக்கு எழுதினீங்க?"

"நீங்க குனியறப்ப அது இடிக்குமில்லீங்க? அதுக்குத்தான்."

அதாவது, அந்த நாலு தகடும் என் முதுகெலும்பைத் தூக்கி நிறுத்தவில்லை. வலி இருக்கிற சில நாள், குனியாதே என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கும். அதைத்தான் என் வீட்டம்மா வருடக்கணக்காக இலவசமாகச் சொல்லி வருகிறார். கேட்டிருக்கிறோமா? காசு கொடுத்து வாங்கினால்தான் காதில் விழுகிறது. எங்கள் பெரியப்பா பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கு நாலு விரல் அகலப் பச்சை பெல்ட்டைக் கட்டிக்கொண்டுதான் போவார். வேட்டியையும் பணத்தையும் பிடித்து வைக்கிற பெல்ட் அது. தனக்கு இடுப்பு வலியே வராததற்கு அதுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சந்தை முழுக்கக் கால்நடையாகச் சுற்றியதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

முதல்முறை வாங்கப் போகிறவர்கள், அழகுக்கோ அவஸ்தைக்கோ, மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் எடுத்த அளவு சாயங்காலத்துக்கு உதவாது. மூச்சை முழுதாக விட்ட பிறகு டேப்பைப் படிக்கச் சொல்லுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி எல், எக்ஸ்எல் மாறும் என்பதால் அந்த எழுத்துகளை நம்பாமல் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் அங்குலத்தைப் பாருங்கள். கடையில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, கட்டிக்கொண்டு நன்றாக உட்கார்ந்து எழுந்து பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். ஒருதரம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிய பெல்ட்டைப் பெரும்பாலான கடைகளில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.