மெஷினுக்கு ஏ.எம்.சி., ஆளுக்குப் 'பார்க்கலாம்'

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துத் தனியார் ஸ்கேன் சென்டர் முதலாளிகளுக்கு,

சி.டி.எச். ரோட்டில் போகும்போதெல்லாம் 'எக்ஸ்ரே டெக்னீஷியன் உடனடித் தேவை' என்ற உங்கள் போர்டைப் பார்த்து வியக்கிறேன். மற்றவர்கள் இதைத் தாளில் எழுதி ஒட்டுவார்கள். நீங்கள் ஃப்ளெக்ஸே அடித்து ஆணி அறைந்துவிட்டீர்கள். அந்தத் தொலைநோக்கைப் பாராட்டத்தான் இந்தக் கடிதம்.

எம்.ஆர்.ஐ. மெஷினை நீங்கள் பராமரிக்கிற அழகே தனி. காந்தம் சூடாகிவிடக் கூடாதென்று இராப்பகலாகச் சில்லர் ஓடுகிறது. கம்பெனிக்காரன் ஏ.எம்.சி. என்கிற வருடாந்திரப் பராமரிப்புத் தொகையை ஏற்றினால் மறுபேச்சில்லாமல் செக் போகிறது. 'சேவை மனப்பான்மையோடு செய்ங்க' என்று சர்வீஸ் என்ஜினியரிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. அந்த வசனம், மெஷினை ஓட்டுகிறவர் இன்க்ரிமென்ட் கேட்கும் நாளுக்கென்று பத்திரமாக இருக்கிறது.

எக்ஸ்ரே எடுக்கும்போது அவர் நெஞ்சில் குத்தியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜை மூன்று மாதத்துக்கொருமுறை அனுப்பி, வாங்கிய கதிர்வீச்சை அளக்கிறீர்கள். வாங்குகிற சம்பளத்தை அளக்கப் பேட்ஜ் கிடையாது. 2021இல் வந்த இணை சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டமும் படிப்பு, பதிவு என்று பேசிவிட்டுச் சம்பளத்தின் பக்கம் வரவில்லை. உங்கள் யோகம்.

'ஆளே கிடைக்கலை' என்கிறீர்கள். 1934இல் திறந்த பார்னார்டு கதிரியல் நிலையம் இருக்கிற சென்னை இது! படித்தவர்கள் எங்கே என்று விசாரித்தேன். ஒருவர் துபாயில். ஒருவர் அரசு வேலைக்கான எம்.ஆர்.பி. அறிவிப்புக்குக் காத்திருக்கிறார். இன்னொருவர் பகலில் உங்களிடம், இரவில் பக்கத்து சென்டரில். ஆளை நிறுத்த நீங்கள் கண்ட வழி, ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டுவது. சர்டிபிகேட் நிற்கிறது, ஆள்தான் நிற்பதில்லை.

ஆள் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷினில் விரல் மாட்டிக்கொண்டு வருகிறவரைப் பாருங்கள். பழைய ஆள் நசுங்கிய விரலைத் தொடவே மாட்டார். கைக்கு அடியில் ஸ்பாஞ்ச் கொடுத்து, மற்ற விரல்களை மடக்கச் சொல்லி, 'அவ்வளவுதாண்ணே' என்பதற்குள் ஒரே ஷாட்டில் லேட்டரல் எடுத்துவிடுவார். புதியவர் மூன்று ஷாட் எடுக்கிறார். பில் ஒன்றுக்குத்தான் போடுகிறீர்கள்; கதிர்வீச்சு மூன்றுக்கும் உண்டு.

அடுத்த வாரம் அம்மாவுக்கு முதுகு எம்.ஆர்.ஐ. எடுக்க வருகிறோம். யார் எடுப்பார் என்று ரிசப்ஷனில் கேட்டேன். 'திங்கட்கிழமை புதுசா ஒருத்தர் ஜாயின் பண்றார் சார்' என்றார்கள். செவ்வாய்க்கே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன். புதன் வரை தள்ளிப்போடப் பயம்.

இப்படிக்கு,
அம்பத்தூர் ஓ.டி. பக்கத்து வாடிக்கையாளர்