பட்டிமன்றத்துக்குப் போற பேரனுக்கு

ஏலே பேராண்டி, காலேஜ் பட்டிமன்றத்துல அமெரிக்க ஏகாதிபத்தியம் சரியா தப்பான்னு பேசப் போறியாமே? எந்த அணின்னு இன்னும் சீட்டு குலுக்கலைன்னு உங்கம்மா சொன்னா. நல்லதாப் போச்சு. ரெண்டு அணிக்கும் சரக்கு தாரேன். உலகம் பூராவும் சுத்தாம பிலிப்பைன்ஸை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கோ.

1898-ல அமெரிக்கா ஸ்பெயினை அடிச்சுது. பிலிப்பைன்ஸ்காரனும் கூடச் சேர்ந்து அடிச்சு, ஜூன் 12-ல சுதந்திரம்னு அறிவிச்சும் போட்டான். டிசம்பர்ல பாரிஸ்ல உக்காந்து, 2 கோடி டாலருக்கு அந்த நாட்டை ஸ்பெயின்கிட்ட அமெரிக்கா வாங்கிருச்சு. பிலிப்பைன்ஸ் தூதர் அகோன்சில்யோவைப் பேச்சுவார்த்தைக்குள்ளயே விடலை. தும்பை அறுத்துட்டுப் போன மாட்டுக்குப் பழைய சொந்தக்காரன்கிட்ட கிரயம் எழுதுன சாமர்த்தியம்லே அது!

ஆதரவு அணி விழுந்தா பள்ளிக்கூடத்துல ஆரம்பி. 1901-ல 'தாமஸ்'ங்கிற கப்பல்ல நூத்துக்கணக்கான வாத்தியாருக வந்து இறங்குனாக. ரோடு, ஆஸ்பத்திரி, 1907-ல தேர்தல் வச்சு ஒரு சட்டசபை, கடைசியா 1946 ஜூலை 4-ல சுதந்திரம். "நாங்க எடுக்காட்டி ஜெர்மன்காரனோ ஜப்பான்காரனோ எடுத்திருப்பான்"னு அடிச்சு விடு. அது வெறும் புருடாவும் இல்ல, ஜெர்மன் கப்பலுக மணிலா கடல்ல வந்து நின்னது நெசம். 1899-ல அமெரிக்காவுக்கும் பிலிப்பைன்ஸ்காரனுக்கும் தொடங்குன சண்டையைப் பத்தி எதிரணி கேட்டா, தண்ணி குடிக்கிற மாதிரி மட்டும் நடிச்சுராதே. அந்தச் சண்டையில அமெரிக்கப் பட்டாளம் கைதி வாயில தண்ணியை ஊத்தி வயித்தை ஊத வச்ச சித்திரவதையை அவனுக்கு நீயே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிரும்.

எதிர்ப்பு அணின்னா வேலை சுலபம். இதை எதிர்த்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் ஒருத்தர் போதும். கூட அமெரிக்கக் கோடீஸ்வரர் கார்னகியைச் சேத்துக்கோ. அந்த 2 கோடியை நானே தாரேன், அவுகளை விட்டுருங்கன்ன மனுசன். சமார் தீவுல பத்து வயசுக்கு மேல ஆயுதம் தூக்கக்கூடிய எவனையும் விடாதேன்னு உத்தரவு போட்ட அமெரிக்க ஜெனரல் ஸ்மித்தைக் கண்டிச்சு, ஓய்வு குடுத்து வீட்டுக்கு அனுப்பினாக. அம்புட்டுதான் தண்டனை! சண்டை, பஞ்சம், கொள்ளைநோய்னு 2 லட்சம் சனம் வரைக்கும் போச்சுன்னு அமெரிக்க வெளியுறவுத் துறையே எழுதி வச்சிருக்கு.

ஒண்ணை மட்டும் மேடையில முழுங்கிரு. எதிர்த்தவன் எல்லாம் உத்தமன் இல்லலே. வேத்து நிறத்துக்காரன் நம்ம ஊருக்குள்ள வந்துருவானேன்னு பயந்து எதிர்த்த செனட்டருகளும் உண்டு. 1934-ல சுதந்திரத்துக்கு நாள் குறிச்ச சட்டம் வந்தப்போ, சீக்கிரம் குடுங்கன்னு முண்டுனதுல ஒரு கூட்டம் யாருங்கே? அமெரிக்க சர்க்கரைக்காரன்! பிலிப்பைன்ஸ் வெளிநாடாயிட்டா அவன் சர்க்கரைக்கு வரி போடலாம்லா? அதே சட்டத்துல, வருசத்துக்கு அம்பது பிலிப்பைன்ஸ்காரனுக்கு மேல அமெரிக்காவுல குடியேறக் கூடாதுன்னும் எழுதிட்டாக. புடிச்சதும் அவன் லாபத்துக்கு, விட்டதும் அவன் லாபத்துக்கு.

நடுவர் மடக்கி, அந்த ஊர்க்காரன் என்னய்யா சொல்லுதான்னு கேட்டா இதைச் சொல்லிட்டு உக்காந்துரு: 1991-ல அமெரிக்கத் தளம் வேண்டாம்னு பிலிப்பைன்ஸ் செனட் 12-க்கு 11-னு ஓட்டுப் போட்டு அனுப்புச்சு. 2014-ல அதே அமெரிக்காவோட புது ஒப்பந்தம் போட்டாக. இப்போ சீனாவுக்குப் பயந்து, அமெரிக்கப் பட்டாளம் வந்து போக ஒம்பது முகாமைத் தொறந்து விட்டிருக்காக.