முடிஞ்ச மாதிரிதான்

போன தை மாதம் குரோம்பேட்டையில் அத்தை வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். பரணைக் காலி செய்ய ஏறிய பையன் தாம்பூலப் பைகளாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான். பதினோராவது பையோடு கை ஓய்ந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக் கேட்டான்: "ஏம்மா, நீங்க கல்யாண கான்ட்ராக்ட் எடுக்கிறீங்களா?"

அத்தை எடுத்திருப்பது வேறு கான்ட்ராக்ட். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு பின்னல் வேலை பாதியில் நிற்கிறது. கை வைக்காத ஸ்வெட்டர், ஜோடி இல்லாத காலுறை, ஒரு சாண் மப்ளர், நிலா மாதிரி வளர்ந்து பாதியில் நின்றுபோன குரோஷா மேஜை விரிப்பு. அன்றைக்கு இறங்கியவை பதினேழு. கட்டிலுக்கு அடியிலும் தையல் மெஷின் மூடிக்குள்ளும் இருப்பவை இந்தக் கணக்கில் சேரவில்லை.

தாம்பூலப் பையில் போட்டு வைப்பதில் ஒரு வசதி. மணமக்கள் பெயர், முகூர்த்த நாள், மண்டபம் எல்லாம் மேலேயே அச்சாகியிருக்கும். எந்த வேலை எப்போது தொடங்கியது என்று தனியாக எழுதி வைக்க வேண்டாம். கீழடியில் குழி தோண்டி அடுக்கடுக்காகக் காலம் சொல்வது போல நாங்களும் சொல்லிவிடுவோம். மேல் அடுக்கில் 2022 வைகாசி, பச்சை மப்ளர். நடு அடுக்கில் 2011 ஆவணி, கையுறை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மஞ்சள் துணிப்பை: 1992 தை, கைக்குழந்தைக்கான குல்லா. நடு அடுக்குப் பை ஒன்றில் பெயர் போட்டிருக்கும் தம்பதி குடும்ப நீதிமன்றத்துக்குப் போய்ப் பிரிந்தே நாலு வருஷமாகிறது. அந்தப் பைக்குள் இருக்கும் ஸ்வெட்டரின் முன்பக்கமும் பின்பக்கமும் இன்னும் சேர்ந்தபாடில்லை.

அத்தையைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். "முடிஞ்ச மாதிரிதான்."

சோம்பேறி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அத்தையின் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. சீரியலுக்கு ஒரு வேலை, குக்கர் விசிலுக்குக் காத்திருக்க ஒரு வேலை, கரண்டு போனால் இருட்டில் கை தானாகப் போடுகிற நேர்ப்பின்னல் வேலை ஒன்று. கரண்டு ஒழுங்காக வர ஆரம்பித்ததும் அந்த மூன்றாவது நின்றுவிட்டது. அரசாங்கம்தான் காரணம் என்கிறாள்.

ஆரம்பம் குன்னூரில். மாமாவுக்கு பேங்க் உத்தியோகம். 1986இல் அங்கே மாற்றல். பக்கத்து வீட்டம்மா இரண்டு ஊசியையும் ஒரு நூல் உருண்டையையும் கொடுத்து பிளெயின், பர்ல் இரண்டும் கற்றுக்கொடுத்தாள். குளிர் நிஜம், தேவை நிஜம். மாமாவுக்கு ஸ்வெட்டர் தொடங்கியது. முதுகு முடிந்து, மார்பு முடிந்து, இடது கை முழங்கை வரை வந்தபோது வேலூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வேலூரில் மே மாதம் கம்பளி நூலைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்று வேலூர்க்காரர்களைக் கேளுங்கள். நூல் விரலை விட்டு வராது.

ஊசி விஷயத்தைச் சொல்ல வேண்டும். குன்னூரில் வாங்கிய ஊசி போனி என்ற பிராண்டு. பக்கத்தில் கேத்தியில் ஊசித் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே செய்யும் நிட்டிங் ஊசியும் குரோஷா ஊசியும் வெளிநாடுகளுக்கெல்லாம் போகின்றன. போனி என்றால் இங்கிலீஷில் மட்டக்குதிரை. எங்கள் குடும்பம் அதைக் கடைத்தெரு அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டது. அத்தைக்கு தினம் தினம் போணி உண்டு. கல்லாவை மூடிக் கணக்கு முடிப்பதுதான் கிடையாது.

அதிலும் பாதி பழி ஊசியைத்தான் சேரும். நிட்டிங்கில் ஒரு வரிசைக்குத் தொண்ணூறு கண்ணி என்றால் தொண்ணூறும் உயிரோடு ஊசியில் தொங்கும். ஊசியை உருவினால் அவ்வளவும் சரிந்துவிடும். ஆகவே கிடப்பில் போட்ட வேலை ஊசியையும் பிணையாகப் பிடித்துவைத்துக்கொள்கிறது. புது வேலைக்குப் பத்தாம் நம்பர் வேண்டும். பத்தாம் நம்பரோ பழைய பைக்குள் சிறையில். பழையதை முடித்து ஊசியை மீட்கலாம் என்பது உங்களுக்கும் எனக்கும் தோன்றுகிற யோசனை. அத்தை பாரிமுனைக்கு பஸ் ஏறிவிடுவாள். மாமா ஒருநாள் எண்ணிப் பார்த்தார்: 3.25 மில்லிமீட்டர் கனமுள்ள பத்தாம் நம்பர் மட்டும் ஏழு ஜோடி. "தச்சன்கிட்ட ஏழு உளி இருந்தா ஏழும் ஏழு தினுசா இருக்கும்டா" என்று என்னிடம் முறையிட்டார்.

குரோஷாவில் இந்தத் தொல்லை இல்லை. ஒரே ஊசி, உயிரோடு இருப்பது ஒரே கண்ணி. அதில் ஒரு ஊக்கைக் குத்திவிட்டால் வருஷக்கணக்கில் அப்படியே தூங்கும். ஊக்கு எங்கே கிடைக்கும்? தாலிச் சங்கிலியில்தான் கொத்தாகத் தொங்குகிறதே! அந்தக் கொத்து மெலிவதை வைத்து, அத்தை இந்த மாதம் எத்தனை வேலையை நிறுத்தினாள் என்று என் அம்மா சொல்லிவிடுவாள்.

குரோஷாவில் அத்தையைத் தோற்கடித்தது விஞ்ஞானம். வீட்டுக்குக் கலர் டிவி வந்ததும் அதற்கு உறை தொடங்கினாள். ஓரம் முழுக்க அன்னாசிப்பூ டிசைன். முன்பக்கம் முடிந்து முதுகுப்பக்கம் வளைவதற்குள், உலகத்தில் டிவிகளுக்கு முதுகே இல்லாமல் போய்விட்டது. டெலிபோனுக்கு உறை போட்டாள், லைனே போனது. கேசட் பிளேயருக்குப் போட்டது என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. இப்போது மிக்ஸிக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. மிக்ஸி இருக்கிறவர்கள் எதற்கும் சட்னியை அரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2016 ஜனவரியில் சென்னையில் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து உலகத்திலேயே மிகப் பெரிய குரோஷா போர்வையைச் செய்து கின்னஸில் ஏறினார்கள். 11,148.5 சதுர மீட்டர். ஆளுக்குக் கொஞ்சம் பின்னிக் கொடுத்து ஒன்றாக இணைத்தது. அத்தையும் தன் பங்குக்குச் சதுரம் போடுகிறேன் என்று நூல் வாங்கினாள். கின்னஸ்காரர்கள் அளந்துவிட்டுப் போனபோது அத்தையின் சதுரம் முக்கோணமாக இருந்தது. "என்னோடது சேர்ந்திருந்தா பதினோராயிரத்து நூத்தி நாப்பத்தொம்போதா ரவுண்டா ஆயிருக்கும்" என்று இன்றைக்கும் வருத்தம்.

பின்னும்போது அத்தையிடம் பேசக் கூடாது. கண்ணி எண்ணிக்கை தவறிவிடும். பேசினால் பதிலும் எண்ணாகத்தான் வரும். ஒருமுறை பார்சல் கொண்டுவந்த பையன் வாசலில் நின்று, "ஓடிபி சொல்லுங்கம்மா" என்றான்.

"நாப்பத்தியேழு, நாப்பத்தியெட்டு."

"நாலு நம்பர்தான், 4748. தப்புன்னு காட்டுதும்மா."

"நாப்பத்தியொம்போது. கொஞ்சம் இருப்பா. அம்பது."

அவன் 4950 போட்டும் பார்த்தான். மூன்றாவது தப்புக்கு போன் பூட்டிக்கொண்டு, பார்சல் திரும்பிப் போய்விட்டது. பார்சலுக்குள் இருந்தது நூல்தான் என்று பிறகு தெரிந்தது. மாமா அந்தப் பையனுக்கு மனதார நன்றி சொன்னார்.

நூல் வாங்குகிற அவசரம் அளவு பார்ப்பதில் இருக்காது. ஸ்வெட்டர் தொடங்குமுன் நாலு அங்குலச் சதுரம் ஒன்று பின்னி, அங்குலத்துக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று பார்க்க வேண்டும் என்பது இந்தக் கலையின் பாலபாடம். அத்தைக்கு அது வெட்டி வேலை. அவளுடைய இறுக்கம் சீரியலைப் பொறுத்தது. மாமியார் கொடுமை எபிசோடில் பின்னிய வரிசைகள் கல் மாதிரி இருக்கும். சமாதானமாகிக் காப்பி குடிக்கும் எபிசோடில் தொளதொளவென்று போகும். எனக்காக ஆரம்பித்த ஸ்வெட்டரின் வலது கையைப் பார்த்தால் கதையின் திருப்பங்களை வரிசையாகச் சொல்லிவிடலாம். போட்டுக்கொள்ள முடியாது.

அந்தக் கையைப் பார்த்தபோதுதான் நான் ஒரு பிழை செய்தேன். "ஏன் அத்தை, குளிர்காலத்துல பிளாட்பாரத்துல நானூறு ரூபாய்க்கே ஸ்வெட்டர் கிடைக்குதே" என்றேன். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. கொடியில் காய்ந்த என் பனியனை எடுத்து உள்பக்கம் திருப்பி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என் மூக்குக்கு நேரே பிடித்தாள். நாற்பது வருஷமாகப் பனியன் போடுகிறேன், இதைப் பார்த்ததில்லை. வெளிப்பக்கம் சின்னச் சின்ன 'வி' எழுத்துகள் நெடுக்கே சங்கிலியாக இறங்குகின்றன. உள்பக்கம் குறுக்கே மேடு மேடாக அலை. அத்தை பரணில் போட்டிருக்கும் ஸ்வெட்டரின் அதே பின்னல், பொடி எழுத்தில்.

"இந்தப் பக்கம் பிளெயின், அந்தப் பக்கம் பர்ல். திருப்பூர்ல மெஷின் பின்னுது. அதுக்கு ஷிப்ட் முடியணும், லோடு ஏத்தணும். எனக்கு என்னடா அவசரம்?"

மாமாவுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். ஓய்வுபெற்ற பிறகு சரித்திரத்தில் இறங்கிவிட்டார். 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததையும், அவர் மகள் எலிசா, கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்குப் போய் அங்கேயும் லேஸ் வேலையைத் தொடங்கியதையும் சாப்பாட்டு மேஜையில் எடுத்துச் சொல்லி, "அவங்கல்லாம் முடிச்சு முடிச்சுக் கொடுத்திருக்காங்க" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

"அவங்களுக்குக் கூலி கொடுத்தாங்க" என்றாள் அத்தை. மோர்ச்சாதம் வரைக்கும் சரித்திரம் திரும்பவில்லை.

நூற்பு வந்தது கடைசியில். பள்ளிக்கூடத்தில் தக்ளி சுற்றிய தலைமுறை அத்தை. பித்தளை வட்டும் கம்பியும் இன்னும் வைத்திருக்கிறாள். ஒரு காந்தி ஜெயந்தித் தள்ளுபடியில் கதர்க் கடைக்குப் போய்விட்டுப் பெட்டி ராட்டையோடு வந்தாள். சூட்கேஸ் மாதிரி மூடிக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம்; காந்தி எரவாடா சிறையில் இருந்த நாட்களில் உருப்பெற்ற வடிவம். திறந்தால் ஒரு பெரிய சக்கரம், ஒரு சின்னச் சக்கரம், ஓரத்தில் கதிர். வலது கை சக்கரத்தைச் சுற்ற வேண்டும், இடது கை பஞ்சுத் திரியைப் பின்னால் இழுத்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு கைக்கும் ராசி வேண்டும். முறுக்கு ஏறினால் நூல் பன்றி வாலாகச் சுருளும்; குறைந்தால் நடுவில் ஓசையில்லாமல் விட்டுப்போகும். அத்தையின் நூல் ஓரிடத்தில் சிலந்தி வலை, அடுத்த இடத்தில் தேர்வடம்.

1924 பெல்காம் மாநாட்டில், காங்கிரஸ் உறுப்பினர் மாசம் 2000 கஜம் நூல் கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். அடுத்த வருஷமே நாலணா கொடுத்தாலும் போதும் என்று இறங்கி வந்துவிட்டார்கள். நாட்டில் எத்தனை அத்தைகள் இருந்திருப்பார்கள் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். எங்கள் அத்தை ஒரு சிட்டம் கூட நிரப்பவில்லை. நூற்றதில் பூக்கட்டினார்கள், மிச்சப் பஞ்சு கார்த்திகைக்கு விளக்குத் திரியானது. முழுதாக உபயோகப்பட்ட ஒரே திட்டம் இதுதான் என்பதால் குடும்பத்தில் ராட்டைக்கு இன்றைக்கும் தனி மரியாதை.

மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. பழையதைப் பிரித்து நூலை மீட்கும் நாட்களில் அவர்தான் மர ஸ்டாண்டு. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கட்டைவிரலை உயர்த்தி, வரம் கேட்கிறவர் போல முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார். மூக்கு அரித்தால் என்னைக் கூப்பிடுவார். பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு நிற்கும். தண்ணீரில் நனைத்து, அடியில் கனம் கட்டித் தொங்கவிட்டால்தான் நிமிரும். ஒருநாள் அந்தக் கனத்துக்கு மாமாவின் பித்தளைக் கூஜாவைக் கட்டிவிட்டார்கள். அவர் அன்றைக்கு முழுக்க டம்ளரில் தண்ணீர் குடித்தார். சோபாவில் உட்காருமுன் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்காரும் பழக்கம் அவருக்கு எப்படி வந்தது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அத்தைக்கு ஒரே மகள். அவளை எனக்குக் கட்டிவைக்கலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. அதுவும் பாதியில் நின்றது. இப்போது டொராண்டோவில் இருக்கிறாள். இந்த மார்கழியில் அவளுக்குப் பிரசவம் பார்க்க அத்தை புறப்பட்டாள். இருபத்துமூன்று கிலோப் பெட்டியில் பிரசவ லேகியம், பருப்புப்பொடி, பூண்டு ஊறுகாய். அவற்றுக்கு நடுவே 1992 தை முகூர்த்தத்து மஞ்சள் பை, பாச்சை உருண்டை வாசனையோடு. மகளுக்காக வேலூரில் தொடங்கிய குல்லா. மகள் பிறந்து, தலை பெரிதாகி, அந்தத் தலையால் படித்து விசா வாங்கிப் போயும்விட்டாள். குல்லாவுக்கு அதே வயசு.

பேத்தி பிறந்த இருபதாம் நாள் வீடியோ காலில் வந்தாள் அத்தை. ஜன்னலுக்கு வெளியே பனி. வாழ்க்கையில் முதல் தடவையாக, கம்பளிக்கு ஏற்ற ஊரில் கம்பளியோடு இருக்கிறாள். பெருமை தாங்கவில்லை. "பாருடா" என்று குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். தலையில் மஞ்சள் குல்லா. காது மடல் இரண்டும் ஒரே அளவு. நாடா கூட இருந்தது. மாமாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"முடிச்சுட்டீங்களா அத்தை?"

"முடிஞ்ச மாதிரிதான்."

குழந்தை தலையைத் திருப்பியது. குல்லாவின் உச்சியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. பின்னால் இன்னும் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. மாமாதான் வாயை விட்டார்.

"உச்சிக்குழியே மூடறதுக்கு ஒன்றரை வருஷம் ஆகும்னு இங்க டாக்டர் சொல்றா" என்றாள் அத்தை. "அதுக்கு முன்னாடி நான் மூடிடுவேன்."