விளக்கு எரியாத வீடு

கல்முனைக்குடியில் என் சின்ன வயது நோம்பு மாதங்கள், சஹர் சாப்பாட்டுக்கு ஊரை எழுப்பி வரும் பாவாவின் றபான் கொட்டுச் சத்தத்தில்தான் தொடங்கும். சஹர் நேரம், நல்ல இருட்டு. முதல் அடி கடற்கரைப் பக்கம் கேட்கும். ஒழுங்கை ஒழுங்கையாகப் பெருத்து வந்து, எங்கள் கடப்படியைத் தாண்டி, மெலிந்து மெலிந்து பிரதான வீதிப் பக்கம் கரையும்.

றபானுக்கு ஆட்டுத்தோல். கடற்காற்றின் ஈரத்தில் அது தளர்ந்து 'டொப்' என்று விழும். பாவா நெருப்பில் காட்டி முறுக்கேற்றுவார். பிறகு அடி தெறிக்கும். கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாகுல் ஹமீது நாயகத்தின் பெயரால் 12 நாள் கொடியேற்றம் நடக்கையில் பக்கீர்மார் கூட்டமாக அடிப்பதும் இதே றபான்தான். எங்கள் ஒழுங்கையில் ஒற்றைக் கை, ஒற்றைக் குரல்.

அந்தக் குரல் மாறியதைக் கேட்டு வளர்ந்தவன் நான். முதலில் நீட்டி இழுக்கும் பைத்துப் பாட்டு. கசட் வந்ததும் நாகூர் ஹனிபா (1925–2015) எல்லா வீட்டிலும் பாடினார். பாவாவின் பைத்துக்குள்ளும் அந்த மெட்டுகள் புகுந்தன, அடி வேகம் பிடித்தது. 'இறைவனிடம் கையேந்துங்கள்' சாயலில் அவர் பாடும் நாட்களில் மூத்தம்மாவும் அடுப்படியில் சேர்ந்து முணுமுணுப்பா. எனக்கும் அது பிடித்திருந்தது.

பிறகு பள்ளிவாசலில் மைக் வந்தது. மின்சாரம் இசையைக் கெடுக்கும் என்று நான் சொல்லமாட்டேன். 1950களில் கிங்ஸ்டன் தெருக்களில் ஒலிபெருக்கிகளை அடுக்கி நடத்திய ஆட்டங்களில் இருந்துதான் ஜமைக்காவின் ஸ்கா இசை வளர்ந்தது. என் குறை வேறு. விளக்கு எரியாத வீட்டைக் கண்டால் பாவா நிற்பார். "காக்கா, எழும்புங்க, நேரமாகுது." உள்ளே வெளிச்சம் விழும்வரை றபான் ஓயாது. பள்ளி ஒலிபெருக்கி ஊர் முழுக்கக் கேட்டது, ஆனால் யார் வீட்டு முன்னாலும் நிற்கவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடல் அந்த ஒழுங்கைகளுக்குள் வந்தது. தப்பிய பல குடும்பங்கள் கரையை விட்டு உள்ளே போய்க் குடியேறின. றபானோடு நடந்து சுற்றிய வழி அறுந்தது.

இப்போது ஓட்டோ வருகிறது. கூரையில் ஸ்பீக்கர், பதிவு செய்த றபான், ஈரமே படாத அடி. போன நோம்பில் ஒரு நாள் வேண்டுமென்றே விளக்கைப் போடாமல் திண்ணையில் இருந்தேன். ஓட்டோ தாண்டிப் போனது. பத்து யார் தள்ளி நின்றது. பாட்டைக் குறைத்துவிட்டு, அதை ஓட்டிய பொடியன் இரண்டு தரம் ஹோன் அடித்தான்.

எழும்பி விளக்கைப் போட்டேன்.