பூச்சி வளர்த்த புண்ணியவான்

காட்டுக்கு எதிரி யார் என்று கேட்டால் நீங்கள் கோடாலி என்பீர்கள், காட்டுத்தீ என்பீர்கள். அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளைக் கேட்டுப் பாருங்கள். பெயர், விலாசத்தோடு ஒரு ஆளைச் சொல்லும்: எத்தியேன் லியோபோல்ட் ட்ரூவெலோ, மிர்ட்டில் தெரு, மெட்ஃபோர்ட், மாசசூசெட்ஸ்.

பிரெஞ்சுக்காரர். லூயி நெப்போலியன் ஆட்சியைப் பிடித்த பிறகு, வம்பே வேண்டாமென்று அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். பிரமாதமாகப் படம் வரைவார். அதையே செய்துகொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அப்போது ஐரோப்பாவில் பெப்ரைன் என்ற நோய் வந்து பட்டுப்புழுக்கள் கூண்டோடு செத்துக்கொண்டிருந்தன. லூயி பாஸ்டரையே கூப்பிட்டு வைத்தியம் பார்க்கச் சொன்ன நெருக்கடி. ட்ரூவெலோவின் மண்டையில் பல்ப் எரிந்தது. அமெரிக்கப் பூச்சியிடமிருந்தே பட்டு! இன்றைக்கென்றால் ஸ்டார்ட்-அப் என்று ஸ்லைடு போட்டு முதலீடு கேட்டிருப்பார்.

அவர் பிடித்தது பாலிஃபீமஸ் என்ற உள்ளூர் அந்துப்பூச்சியை. வீட்டுப் பக்கத்தில் ஐந்து ஏக்கரில் புதர்களுக்கு வலை போட்டு வளர்த்தார். பத்து லட்சம் புழு இருந்ததாக 1867-இல் அவரே எழுதினார். யார் எண்ணினார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது.

அத்தோடு நிறுத்துகிறவரா? ஐரோப்பாவிலிருந்து ஜிப்சி அந்துப்பூச்சியையும் தருவித்தார். இதனிடம் நெய்கிற மாதிரிப் பட்டும் கிடையாது, பட்டுப்பூச்சியோடு நெருங்கிய உறவும் கிடையாது. ஏன் தருவித்தார் என்பதற்கு ஆளுக்கொரு கதை. எப்படித் தப்பியது என்பதிலும் இரண்டு கட்சி: காற்றில் வலை கிழிந்தது, இல்லை, ஜன்னல் திறந்திருந்தது. எப்படியோ, 1868 அல்லது 69-இல் பூச்சி வெளியே. ட்ரூவெலோ யோக்கியர், நடந்ததை வெளியே சொல்லிவிட்டார். ஊர் என்ன செய்யும்? மாடு தொலைந்தால் தேடலாம். பூச்சி தொலைந்தால்?

இருபது வருஷம் அது ஓசைப்படாமல் சாப்பிட்டுப் பெருகியது. 1889-இல் மெட்ஃபோர்டின் மரங்கள் மொட்டை. சுவரில் கம்பளிப்பூச்சி, நடைபாதையில் கம்பளிப்பூச்சி, வீட்டுக்குள் கம்பளிப்பூச்சி. ராத்திரியில் அவை இலையை மெல்லும் சத்தம் வீட்டுக்குள் கேட்டதாம். மரத்தடியில் நடக்கக் குடை வேண்டியிருந்தது. மழைக்கு அல்ல.

1890-இல் மாநில அரசு போர் தொடுத்தது. கூலிக்கு ஆள் வைத்து மரம் மரமாக முட்டைகளைச் சுரண்டி எரித்தார்கள். ஊரைவிட்டுப் போகும் சாலைகளில் போலீஸ் நின்று, குதிரை வண்டிகளில் கம்பளிப்பூச்சி கடத்துகிறார்களா என்று சோதனை போட்டது. (கொரோனா கால இ-பாஸ் ஞாபகம் வருகிறதா?) பூச்சியோ குட்டிப் புழுவாக இருக்கும்போதே ஒரு நூலை விட்டுக் காற்றில் ஏறிப் போய்விடும். எந்தச் செக்போஸ்ட் அதை நிறுத்தும்?

அடுத்தது மருந்து. பாரிஸ் கிரீன். பெயரைக் கேட்டால் சேலைக் கலர் மாதிரி இருக்கிறது, சரக்கு ஆர்செனிக். தெளித்ததில் பூச்சிக்கு முன்னால் இலை கருகியது. ஊரார் கூட்டம் போட்டுக் கத்தினார்கள். அரசுக்கு உடனே ஞானம் பிறந்தது: ஆர்செனிக்கோடு ஈயத்தையும் சேர்த்துவிட்டால்? அப்படி வந்ததுதான் லெட் ஆர்சனேட். இலையைச் சுடாது, கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஆப்பிள் தோட்டக்காரர்களுக்கு அதைப் பிடித்துப்போய் அரை நூற்றாண்டு தெளித்தார்கள். பழைய தோட்டங்களின் மண்ணில் அது இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது.

பத்து வருஷம், பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவு. சும்மா சொல்லக் கூடாது, பூச்சி கிட்டத்தட்டக் கண்ணில் படாமலே போயிற்று. அதுதான் வினை. ‘பூச்சியே காணோம், பணம் எதற்கு?’ என்று 1900-இல் சட்டசபை நிதியை நிறுத்தியது. ஐந்தே வருஷத்தில் பூச்சி திரும்பி வந்தது, முன்னைவிடப் பெரிய குடும்பத்தோடு.

சரி, எதிரிக்கு எதிரியைக் கூப்பிடுவோம் என்று 1906-இல் ஐரோப்பாவிலிருந்து காம்ப்சிலூரா என்ற ஈயை இறக்கினார்கள். கம்பளிப்பூச்சியின் உடம்புக்குள் தன் புழுவை ஏற்றிவிடும் கில்லாடி. ஒரே ஒரு சிக்கல், இன்னதைத்தான் தாக்குவேன் என்ற வைராக்கியம் அதற்கு இல்லை. 150-க்கும் மேற்பட்ட பூச்சி வகைகளில் கை வைத்தது. அந்தப் பட்டியலில் பாலிஃபீமஸும் உண்டு. ஆமாம், ட்ரூவெலோ ஆசை ஆசையாக வளர்த்த அதே பாலிஃபீமஸ்.

ஜப்பானிலிருந்து ஒரு பூஞ்சையும் 1910 வாக்கில் வந்தது. வேலைக்கு ஆகாது என்று கைகழுவினார்கள். 1981-இல் ஒரே வருஷத்தில் 1.29 கோடி ஏக்கர் மரங்களைப் பூச்சி மேய்ந்தது. 1989-இல் பார்த்தால் அதே ஜப்பான் பூஞ்சை பல மாநிலங்களில் பூச்சிகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்றுகொண்டிருக்கிறது! பழைய ஆளேதானா, பின்னால் திருட்டு ரயிலேறி வந்த ஒன்றுவிட்ட தம்பியா என்று நிபுணர்களுக்குள் வாக்குவாதம்.

இந்த ரகளையில் ட்ரூவெலோ எங்கே என்கிறீர்களா? பூச்சி பறந்த கையோடு மனிதர் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். துருவ ஒளியை வரைந்த அழகைப் பார்த்து ஹார்வர்ட் வானாய்வகமே வேலைக்குக் கூப்பிட்டது. சனி, வியாழன், சூரியப் புள்ளிகள் என்று வரைந்து தள்ளினார். கிண்டல் இல்லை, நிஜமாகவே அற்புதமான படங்கள். 1882-இல், மெட்ஃபோர்ட் மொட்டையாவதற்கு ஏழு வருஷம் முன்பே, பிரான்சுக்கு மூட்டை கட்டிவிட்டார். 1895-இல் காலமானார். விஞ்ஞானிகள் அவரைக் கௌரவித்து நிலவில் ஒரு பள்ளத்துக்கும் செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இரண்டு இடத்திலும் மரம் கிடையாது. யோசித்துத்தான் வைத்திருப்பார்கள்.