மார்க்கட் மாமா

பெரகல சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களில் ஒருவருக்குச் சொந்தமாகக் கார் உண்டு. வெள்ளை ஆல்ட்டோ. அது வீட்டில் தார்ப்பாய்க்குள் சுகமாகத் தூங்கும். மாமா குடையும் கையுமாகப் பனிமூட்டத்துக்குள் அப்புத்தளை பஸ்ஸைத் தேடிக்கொண்டிருப்பார். ஏன் என்று கேட்டால், "கிலோமீட்டர் ஏறுனா மார்க்கட் எறங்கும் தம்பி" என்பார்.

தோட்டத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். எதை வாங்கினாலும், வாங்கும்போதே அடுத்து வாங்கப்போகிறவனின் முகம் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். டீவி ரிமோட் இன்னும் பொலித்தீன் உறையில்தான் இருக்கிறது. உறைக்குள் எந்த பட்டன் எது என்று பேரனுக்கு மட்டுமே தெரியும். மகள் வீட்டுச் சுவருக்கு நீலம் பூசலாம் என்றாள். "வெள்ளைக்குத்தான் மார்க்கட்." பேச்சு முடிந்தது. வீட்டை விற்கப்போகிறாரா? இல்லவே இல்லை. ஆனால் விற்றால்?

புதுக் கார் கடைவாசலைத் தாண்டியதுமே விலை சரியத் தொடங்கும், முதல் மூன்று வருசத்தில்தான் அதிகம் விழும் என்பது ஊர் உலக வழக்கம். இலங்கையில் அந்த வழக்கம் தலைகீழானது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவைத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்கள் வாங்கிய விலையைத் தாண்டி ஏறின. மாமா அந்தப் புகழை அரசாங்கத்துக்குக் கொடுக்கவில்லை, தார்ப்பாய்க்குக் கொடுத்தார். 2022-இல் கியூஆர் காட்டினால் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று ஊரே வரிசையில் கிடந்தபோதும் அவருக்கு ஒரு கவலையும் இல்லை. தூங்குகிற வண்டிக்கு எதுக்குப் பெற்றோல்?

அவருடைய குலதெய்வம் தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன். "1890ல தம்பத்தென்னைய வாங்குனானே, புதுசாவா வாங்குனான்? கோப்பிக்கு நோய் விழுந்து, வெள்ளக்காரன் எல்லாம் வந்த வெலைக்குத் தள்ளிவிட்டுட்டுப் போன தோட்டம். செகண்ட் ஹேண்ட்!" லிப்டன் மலையேறிப் போய் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் தேயிலையை அல்ல, ரீசேல் வெலியுவைத்தான் என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்டவர் முன்னால்தான் என் சித்தப்பா மகன் ஒரு சிவப்பு மாஸ்டா ஆர்எக்ஸ்-8ஐக் கொண்டுவந்து நிறுத்தினான். பலாங்கொடையிலிருந்து ஹல்துமுல்ல ஏற்றம் முழுவதும் உறுமிக்கொண்டே வந்த வண்டி. இந்த வகைக் கார் 2003 முதல் 2012 வரை வந்தது. பிஸ்டன் கிடையாது, முக்கோணச் சுழலி சுற்றும் ரோட்டரி எஞ்சின். கணக்குக்கு 1308 சிசிதான். சிசி பார்த்து வரி போடுகிற நாட்டில் இது கிட்டத்தட்டக் கள்ளக் கணக்கு மாதிரி. பின்கதவுகள் பீரோ மாதிரி எதிர்ப்பக்கம் திறக்கும்.

மாமா சுற்றி வந்தார். டயரை உதைத்தார்.

"எத்தனாவது ஓனர்?"

"நான் நாலாவது மாமா."

"செவப்பு. நாலு ஓனர். ரோட்டரி. ஐயோ தம்பி, இத நீ வாங்கல. ஒங்கிட்ட தள்ளியிருக்காங்க. பெற்றோலும் குடிக்கும், ஒயிலும் குடிக்கும்."

ஒயில் விசயத்தில் அவர் சொன்னது நிசம். சுழலியின் முனையிலிருக்கும் சீல்கள் தேயாமலிருக்க அந்த எஞ்சின் கொஞ்சம் ஒயிலைத் தானே எரிக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து ஊற்றாவிட்டால் சீல் தேய்ந்து கம்பிரஷன் போய்விடும். முந்திய மூன்று ஓனர்களும் டிப்ஸ்டிக்கைக் கையால் தொட்டதாகத் தெரியவில்லை. அப்படித் தேய்ந்த எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒழுங்காகக் கிளம்பும். சூடாக நிறுத்திவிட்டால் மறுபடி எழும்பாது. அதனால்தான் விற்கிறவன் எஞ்சினை ஓடவிட்டே காட்டுவான். வாங்குகிறவனுக்கு ஒரு யோசனை: மலையேற்றிக் கொண்டுவந்து, சந்தியில் ஓஃப் பண்ணி, ஒரு பிளேன் டீ குடியுங்கள். பிறகு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். கராஜ் மெக்கானிக் தேவையில்லை.

எங்கள் பிளேன் டீ முடிந்தது. வண்டி எழும்பவில்லை.

மாமாவின் முகத்தில் பொங்கலும் தீபாவளியும் ஒன்றாக வந்தன. "இத இனி யாருக்குடா விப்ப?"

"விக்கிறதுக்கு வாங்கலையே மாமா. ஓட்டத்தானே வாங்கினேன்" என்றான் பயல்.

அப்படி ஒரு காரணத்துக்காகவும் கார் வாங்குவார்கள் என்பதை மாமா அதுவரை கேள்விப்பட்டதில்லை போல. வாயடைத்து நின்றார். பயல் பீரோக் கதவைத் திறந்து, "ஏறுங்க, எறக்கத்துல உருட்டி ஸ்டார்ட் பண்ணலாம்" என்றான். கியர் வண்டி, பிரச்சினையில்லை. டீக்கடைக்காரர், நான், பஸ்ஸுக்கு நின்ற நாலு பேர் சேர்ந்து தள்ளினோம். கொஸ்லந்தைப் பக்கம் உருண்டது. வளைவுக்கு அப்பால் ஒரு உறுமல் கேட்டது. பிறகு வெறும் பனிமூட்டம்.

அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பினார்கள். மாமாவின் தலைமயிர் கலைந்து கிடந்தது. கண்ணாடி மூக்கிலிருந்து உதட்டுக்கு வந்திருந்தது. இறங்கினவர் கதவை மெதுவாக, மிக மெதுவாகச் சாத்தினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பயலின் காதருகே குனிந்தார்.

"எப்பவாவது விக்கிற மாதிரி இருந்தா வெளியில சொல்லிராத, மொதல்ல எங்கிட்ட வா. ஆனா வெள்ள அடிச்சுக் குடு."